எண்ணெய் தேடுவதைத் தடை செய்யலாமா? நியூஸிலாந்தின் ஏழாண்டு அனுபவம் தரும் பாடம்

சிறிய நாடொன்று தன் கடலிலும் மண்ணிலும் மசகு எண்ணெயும் இயற்கை வாயுவும் தேடுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமா? உலகம் வெப்பமடைந்து வருவதால் தடுத்தே ஆக வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். ஏழை நாட்டுக்கு அல்லாஹ் வழங்கிய செல்வத்தை எடுக்காமல் விடுவது மடமை என்கின்றனர் மறு சாரார். இரு தரப்பிலும் உணர்ச்சி அதிகம், கணக்கு குறைவு. எனவே இவ்வாரம் கணக்கையே பார்ப்போம்.

மன்னார்க் கடலில் வாயு இருப்பது உறுதியாகிப் பல ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், இக்கேள்வி நமக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. எனினும் நாம் எடுத்து நோக்கப் போவது நியூஸிலாந்தை. சுமார் 50 இலட்சம் மக்கள் வாழும் அந்நாடு 2018 இல் தடை விதித்து, 2025 இல் அதே தடையை நீக்கிக் கொண்டது. ஒரே நாட்டில் இரு முடிவுகளையும் பார்க்கக் கிடைப்பது அரிது.

முதலில் சில விளக்கங்கள்

இங்கு மூன்று வேறுபட்ட விடயங்களை நாம் குழப்பிக் கொள்ளக் கூடாது. எண்ணெயைத் தேடுவது ஒன்று. கண்டுபிடித்ததை எடுப்பது இன்னொன்று. எரித்துப் பயன்படுத்துவது மூன்றாவது. தேடலுக்கு விதிக்கும் தடை முதலாவதை மட்டுமே நிறுத்தும். ஏற்கனவே இயங்கும் கிணறுகள் தொடர்ந்து இயங்கும். வாகனங்களும் வழமை போல ஓடும்.

இரண்டாவதாக, நமது வீடுகளுக்குச் சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு வேறு, இங்கு பேசப்படும் இயற்கை வாயு வேறு. இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன் ஆகும். மின் உற்பத்திக்கும், யூரியா உரம், மெதனோல் போன்றவற்றின் உற்பத்திக்கும் அது பயன்படுகின்றது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் அனுப்பலாம். வாயுவை அனுப்புவதற்குக் குழாய் வேண்டும், அல்லது கடுமையாகக் குளிரூட்டித் திரவமாக்கும் பெரும் வசதிகள் வேண்டும். ஆகவே உள்நாட்டு வாயு குறைந்தால் மறுநாளே வெளியிலிருந்து தருவிக்க இயலாது.

மூன்றாவது விடயம் காலம். நியூஸிலாந்தின் மிகப்பெரிய வாயு வயலான மாவுய் 1969 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து வாயு வந்தது 1979 இல். பொஹோகுரா வயல் 2000 இல் கண்டுபிடிக்கப்பட்டு 2006 இல் உற்பத்திக்கு வந்தது. இன்று தேடினால் பலன் கிடைப்பது ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே. அதற்குப் பின்னும் தாமதமாகலாம். தடையின் பாதிப்பும் அவ்வாறே தாமதமாகத்தான் தெரியும். இதை மனதில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

நியூஸிலாந்தில் நடந்தது என்ன?

2018 ஏப்ரல் 12 ஆம் திகதி, அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன், கடலில் எண்ணெய், வாயு தேடுவதற்குப் புதிய அனுமதிப்பத்திரங்கள் இனி வழங்கப்பட மாட்டா என அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்கியது. எண்ணெய், வாயுத் தொழிலின் தாயகமான தரனாகி பிராந்தியத்தின் நிலப்பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஏற்கனவே நடைமுறையில் இருந்த 31 தேடல் அனுமதிகள் தொடப்படவில்லை. அவற்றுள் 22 கடல் சார்ந்தவை.

அதாவது, தடை வந்த பின்னரும் கிணறு தோண்ட வழி திறந்தே இருந்தது, தோண்டவும் செய்தார்கள். ஒஸ்ட்ரியாவின் ஓ.எம்.வி. நிறுவனம் 2020 இல் தென்பகுதிக் கடலில் தவாகி என்ற கிணற்றைத் தோண்டியது. அது வெறும் கிணறாகவே முடிந்தது.

இதற்கிடையில் நாட்டின் பழைய வயல்கள் வற்றத் தொடங்கின. நியூஸிலாந்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின்சாரம். மழை பொய்த்தால் கைகொடுப்பவை வாயுவும் நிலக்கரியுமே. மழை பொய்த்த காலங்களில் நாம் பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தால் இந்நிலை எளிதில் விளங்கும். வாயு போதாமல் போகவே, 2020 இல் அந்நாடு 10 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரியை இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வந்தது. சூழலைக் காக்கவென வாயு தேடலை நிறுத்திய நாடு, வாயுவை விட அதிகம் புகை கக்கும் நிலக்கரியை வாங்கி எரித்தது!

2024 குளிர்காலத்தில் நெருக்கடி உச்சத்தை அடைந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின. அவ்வாண்டு வாயு உற்பத்தி முந்திய ஆண்டை விட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீழ்ந்தது. ஓகஸ்ட் மாதத்தில் மொத்த விற்பனைச் சந்தையில் ஒரு மெகாவோட் மணி மின்சாரம் 800 நியூஸிலாந்து டொலரைத் தாண்டியது. அதாவது ஒரு யூனிட் 80 சதம், அதுவும் மொத்த விலையில். நாட்டின் மிகப்பெரிய வாயு நுகர்வோரான மெதனெக்ஸ் நிறுவனம் தன் மெதனோல் ஆலையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, வாயுவை மின் கம்பனிகளுக்கு விற்றது. வின்ஸ்டன் பல்ப் நிறுவனம் மின்கட்டணத்தைக் காரணம் காட்டித் தன் மரக்கூழ் ஆலையையும் மரம் அரியும் ஆலையையும் மூடியது. சுமார் 230 பேர் தொழில் இழந்தனர்.

2023 இறுதியில் பதவிக்கு வந்த கூட்டணி அரசாங்கம் தடையை நீக்கும் சட்டமூலத்தை 2025 ஜூலை 31 இல் 68 க்கு 54 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. அதே ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், புதிய வாயு வயல்களில் அரசு பங்குதாரராகச் சேர்வதற்கென 200 மில்லியன் நியூஸிலாந்து டொலர் ஒதுக்கப்பட்டது.

தடைதான் காரணமா?

இக்கதையை இத்துடன் நிறுத்தினால் "தடை தோற்றது" என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் வியாபாரக் கணக்குத் தெரிந்தவர் அவ்வாறு அவசரப்பட மாட்டார்.

முன்னர் கண்டபடி, தேடலிலிருந்து உற்பத்திக்கு ஆறு முதல் பத்து ஆண்டுகள் செல்லும். 2018 இல் புதிய அனுமதி வழங்கியிருந்தாலும், அந்த வாயு 2024 குளிர்காலத்துக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்திராது. வீழ்ச்சி கண்டவை தடைக்கு உட்படாத பழைய வயல்களே. பெரிய கம்பனிகளின் ஆர்வமும் தடைக்கு முன்னரே குறைந்திருந்தது. நெடுங்காலம் அங்கு தொழில் செய்த ஷெல் நிறுவனம் தன் சொத்துக்களை ஓ.எம்.வி.க்கு விற்பதாக அறிவித்தது 2018 மார்ச்சில், தடைக்கு ஒரு மாதம் முன்னர்.

அப்படியானால் தடைக்குப் பங்கே இல்லையா? உண்டு. பழைய வயலிலும் ஆண்டுதோறும் புதிய கிணறுகள் தோண்டினால்தான் உற்பத்தி நிலைக்கும். அதற்குப் பல மில்லியன் டொலர் முதலிட வேண்டும். "இத்தொழிலுக்கு இந்நாட்டில் எதிர்காலம் இல்லை" என்று அரசாங்கமே அறிவித்த பின், தலைமையகத்தில் அமர்ந்திருக்கும் பணிப்பாளர் அப்பணத்தை வேறு நாட்டுக்குத் திருப்புவது இயல்பே. குத்தகை நீடிக்காது என்று தெரிந்த கடைக்கு யார் புதுக் கூரை போடுவார்?

ஆகவே தடை பற்றாக்குறையை உருவாக்கவில்லை. வந்துகொண்டிருந்த பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்றை நலிவடையச் செய்தது. தடையை நீக்கியதாலும் உடனே வாயு வந்துவிடாது. 2025 ஒக்டோபரில் அதே அரசாங்கம் திரவ வாயுவை இறக்குமதி செய்யும் வசதிக்கான ஏற்பாடுகளைத் தொடங்குவதாக அறிவித்தது இதற்குச் சான்று.

கடைக்காரரின் கணக்கு

தடையை ஆதரிப்போரின் வாதத்தை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம். ஓர் ஊரில் பத்துக் கடைகளில் சிகரெட் விற்கப்படுகின்றது. ஒரு கடைக்காரர் அல்லாஹ்வுக்குப் பயந்து விற்பனையை நிறுத்துகிறார். ஊரில் புகைப்பவர் தொகை குறையாது. மற்ற ஒன்பது கடைகளுக்கு வியாபாரம் கூடும். அதற்காக அவர் செய்தது தவறாகிவிடாது. அவர் தன் கைகளைத் தூய்மையாக்கிக் கொண்டார். நாளை இன்னொருவர் அவரைப் பின்பற்றவும் கூடும்.

ஆனால் அதே கடைக்காரர் தன் புகைப்பழக்கத்தை விடாமல், பக்கத்துக் கடையில் வாங்கிப் புகைத்தால்? சொந்தக் கடையில் வந்த இலாபமும் போயிற்று, புகையும் நிற்கவில்லை. நியூஸிலாந்து செய்தது ஏறக்குறைய இதுவே. விநியோகத்தை நிறுத்தும் சட்டம் ஒரே ஆண்டில் வந்தது. கேள்வியைக் குறைக்கும் வேலை, அதாவது காற்று, சூரிய மின் நிலையங்கள், மின்சாரக் கொதிகலன்கள், வரட்சிக் காலத்துக்கான சேமிப்பு ஆகியன, அதே வேகத்தில் வரவில்லை. மேலும் அந்நாட்டின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ பாதி மாடு, ஆடு வளர்க்கும் விவசாயத்திலிருந்து வருகின்றது. எண்ணெய் தேடலைத் தடுப்பது அதைத் தொடவே இல்லை.

இன்னொரு வாதம் தடைக்குச் சாதகமானது. அதையும் மறைக்கக் கூடாது. இன்று தேடத் தொடங்கும் வயல் உற்பத்திக்கு வரும்போது உலகின் எரிபொருள் கேள்வி குறைந்திருந்தால், போட்ட முதல் கடலிலேயே போய்விடும். அது தனியார் பணமாயின் அவர்களது நட்டம். அரசு பங்குதாரராக இருந்தால் மக்களின் நட்டம்.

கிணற்றை மூடும் செலவும் உண்டு. தரனாகிக் கடலிலுள்ள டூயி எண்ணெய் வயலை நடத்திய கம்பனி 2019 இல் முறிந்து போனது. கிணறுகளை அடைத்துக் கடலைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அதற்கு 150 மில்லியன் நியூஸிலாந்து டொலருக்கு மேல் பொதுப்பணம் தேவைப்பட்டது. அதன் பின்னரே, 2021 இல், மூடும் செலவைக் கம்பனிகளே ஏற்க வேண்டும் எனச் சட்டம் இறுக்கப்பட்டது.

ஏனைய சிறிய நாடுகள்

டென்மார்க் 2020 டிசம்பரில் வடகடலில் புதிய அனுமதிச் சுற்றுக்களை நிறுத்தி, 2050 உடன் உற்பத்தியையே முடிப்பதாகத் தீர்மானித்தது. இதனால் சுமார் 13 பில்லியன் குரோன் இழப்பு ஏற்படும் என அரசாங்கமே கணக்கிட்டுச் சொன்னது. இங்கு இரு வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி அதற்கு முன்னரே காற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாவது, அம்முடிவு பாராளுமன்றத்தின் பெரும்பான்மையான கட்சிகள் கூடி எடுத்த உடன்பாடு. நியூஸிலாந்தில் ஒரு தரப்பு விதித்ததை மறு தரப்பு நீக்கியது. நாளை மீண்டும் மாறலாம் என்ற அச்சம் முதலீட்டாளரை விட்டு நீங்கவில்லை. தடை இருப்பதை விடவும், இல்லாதிருப்பதை விடவும், இருக்குமா இல்லையா என்று தெரியாமலிருப்பதே தொழிலுக்குக் கேடு.

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் 2018 இல் தன் கடற்பரப்பில் எண்ணெய் நடவடிக்கைகளைச் சட்டத்தால் நிறுத்தியது. நிலத்தில் எடுப்பதை அது நிறுத்தவில்லை. அந்நாட்டின் பவளப்பாறைகளை நம்பியே சுற்றுலாவும் மீன்பிடியும் இருந்தன. எடுக்கும் எண்ணெயை விடக் காக்கும் பவளப்பாறை பெறுமதியானது என்று அது கணக்குப் போட்டது. பொருளியல் மாணவர்கள் இதையே அமையச் செலவு என்று படிக்கின்றனர். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பே அதன் விலை.

இதற்கு நேரெதிரானது கயானா. சுமார் 8 இலட்சம் மக்களைக் கொண்ட அந்நாட்டில் 2015 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. பொருளாதாரம் 2022 இல் மட்டும் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஆனால் 2016 இல் எழுதிய ஒப்பந்தத்தைப் பாருங்கள். வருமானத்தில் 75 சதவீதம் வரை கம்பனிகள் செலவுக்கெனக் கழித்துக் கொள்ளலாம். மீதியில் சரிபாதி அரசுக்கு. அத்துடன் 2 சதவீத உரிமைப்பங்கு. முழுக் கழிவும் எடுக்கப்படும் ஆண்டில், 100 டொலர் எண்ணெயில் அரசுக்குக் கிடைப்பது 12.50 உடன் 2 சேர்த்து 14.50 டொலரே. அனுபவமில்லாத நாடு அவசரத்தில் கையொப்பமிட்டதன் விலை இதுவென அந்நாட்டிலேயே பலர் விமர்சிக்கின்றனர்.

மார்க்க நோக்கு

கனிமங்கள் யாருக்குச் சொந்தம் என்பது நமது மார்க்க அறிஞர்களுக்குப் புதிய கேள்வியன்று. அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) அவர்கள் யெமனிலுள்ள மஃரிப் உப்புத் தலத்தைத் தமக்கு வழங்குமாறு கேட்க, நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீரூற்றுப் போல எவரும் எளிதில் எடுக்கக்கூடிய பொருள் என்பது எடுத்துச் சொல்லப்பட்டபோது, அவ்வுரிமையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதி முதலான கிரந்தங்களில் பதிவாகியுள்ளது.

இதை அடிப்படையாகக் கொண்டு, வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமங்கள் தனியொருவருக்குச் சொந்தமாக மாட்டா என்று அறிஞர்கள் விளக்கினர். இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் அவ்வகையில் உப்பு, கந்தகம் போன்றவற்றுடன் நஃப்த் எனும் எண்ணெயையும் சேர்த்துள்ளார்கள். ஆழ்கடலுக்கு அடியில் இருப்பது பெரும் முதலும் உழைப்பும் வேண்டுவது என்பதால் அதனை எடுப்பவருக்குக் கூலியும் இலாபமும் நியாயமே. ஆனால் பொருள் மக்களுடைய அமானிதம் என்ற அடிப்படை மாறாது. அமானிதத்தை வீணடிக்கவும் கூடாது. அதனைக் காரணம் காட்டிப் பிறருக்குத் தீங்கிழைக்கவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே பொதுநலன், அதாவது மஸ்லஹா.

மன்னாருக்கு என்ன பாடம்?

மன்னார்ப் படுகையில் 2011 இல் கெயின் லங்கா நிறுவனம் மூன்று கிணறுகளைத் தோண்டியது. அவற்றுள் டொராடோ, பரகூடா என்ற இரண்டில் வாயு காணப்பட்டது. 2014 நடுப்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. 2015 இல் கம்பனி விலகிச் சென்றது. இதுவரை ஒரு கன அடி வாயுவும் கரைக்கு வரவில்லை. எந்தத் தடையும் இல்லாமலே இது நிகழ்ந்தது! தடை இல்லை என்பதாலேயே வாயு வந்துவிடும் என எண்ணுவோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

மறுபக்கம், 2022 இல் நாம் வரிசைகளில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 இலும் எரிபொருள் இறக்குமதிக்கு 4 பில்லியன் டொலருக்கு மேல் செலவானது. சென்மதி நிலுவையில் இவ்வளவு பெரிய ஓட்டை உள்ள நாடு, சொந்தக் கடலில் உள்ளதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது நியாயமாகாது. அதேவேளை மன்னார், கற்பிட்டிக் கரைகளில் கடலையே நம்பி வாழும் குடும்பங்கள் உள்ளன. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது மீனவருக்கு நேர்ந்ததை நாம் கண்டோம். ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஜூலையில், நான்கு ஆண்டுகள் கழித்து. கடன்காரர் கதவைத் தட்டும் வீட்டில் நான்கு ஆண்டுகள் என்பது சிறிய காலமல்ல.

ஆகவே, "தடை வேண்டுமா வேண்டாமா" என்ற ஒற்றைக் கேள்வியை விட, பின்வரும் ஐந்து கேள்விகளே சிறிய நாட்டுக்குப் பயன் தருபவை:

1. எங்கே? முழு நாட்டுக்கும் ஒரே தடை அவசியமில்லை. பவளப்பாறையும் மீன் இனப்பெருக்கத் தலங்களும் உள்ள இடங்களைப் பெலீஸ் போன்று முதலில் ஒதுக்கி வைக்கலாம்.

2. கேள்வி குறைகின்றதா? மாற்று மின்சாரம் தயாராவதற்கு முன் விநியோகத்தை மட்டும் நிறுத்தினால் நிலக்கரி வந்து அவ்விடத்தைப் பிடித்துக் கொள்ளும்.

3. யார் செலவில்? தேடும் நட்டம் கம்பனியுடையதாக இருக்கட்டும். கிணற்றை மூடுவதற்கும் கடல் பாதிப்புக்கும் உரிய பிணைப்பணம் முதல் நாளிலேயே வைப்பில் இருக்கட்டும். டூயி வயலின் பாடம் இதுவே.

4. பங்கு எவ்வளவு? ஒப்பந்தம் பகிரங்கமாக இருக்க வேண்டும். செலவுக் கழிவுக்கு எல்லை வேண்டும். கயானாவின் 14.50 டொலரை நினைவிற் கொள்க.

5. நிலைக்குமா? ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்ளாத முடிவு, தடையாயினும் அனுமதியாயினும், அடுத்த தேர்தல் வரையே உயிர் வாழும்.

இவற்றுடன் கரையோர மக்களின் சம்மதமும் சேர வேண்டும். காற்றாலைகளுக்கே மன்னார் மக்கள் 2025 இல் வீதிக்கு இறங்கினர். தூய மின்சாரத்துக்கே இந்நிலை என்றால், மக்களைக் கேளாமல் கடலைத் தோண்டுவது எவ்வாறு இலகுவாகும்?

இவ்வைந்துக்கும் திருப்தியான விடை கிடைக்குமாயின் தேடுவதில் தவறில்லை என்பதே எமது கருத்து. கிடைக்காதவிடத்து, சட்டம் இல்லாவிடினும் பொறுத்திருப்பதே புத்தி. கடலுக்கடியில் உள்ள வாயு கெட்டுப் போகும் பண்டமல்ல. அதன் விலை நாளை குறையலாம், கூடலாம். ஆனால் அவசரத்தில் எழுதும் ஒப்பந்தமும் அவசரத்தில் போடும் தடையும் நமது பிள்ளைகளின் காலம் வரை நம்மை விடாது.

மாணவர் சிந்தனைக்கு: உள்நாட்டு உற்பத்தி குறைந்து, நுகர்வு மாறாதிருக்கும் நாடொன்றின் சென்மதி நிலுவையிலும் நாணயப் பெறுமதியிலும் என்ன மாற்றங்கள் நிகழும்? நியூஸிலாந்தின் 2020 நிலக்கரி இறக்குமதியை உதாரணமாகக் கொண்டு விளக்கிப் பாருங்கள்.